குருடிமலைக்கு ஊர் சொன்ன பதில்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், பொடக்காலிக் கதவைத் திறந்தால் முதலில் துவைக்கிற கல், அடுத்து அண்ணனின் லேத் பட்டறை, அதற்கடுத்து குருடிமலை. நடுவில் கிடக்கிற தோட்டங்களையும் செங்கல் சூளைகளையும் நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. மலை எங்கள் வீட்டுக்குச் சொந்தம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்ப்பேன். அம்மா உள்ளேயிருந்து கத்துவாள், "அந்த மலை எங்கயும் ஓடிப் போயிராது. வாயைக் கொப்புளிச்சுட்டு வா அம்மணி!"

இந்தப் பைத்தியம் முற்றித்தான் பூகோளம் படித்தேன். படித்து முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சரும் ஆனேன். புத்தகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை வருகிற பக்கத்துக்கு வந்தால் போதும், புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைத் திறப்பேன். அதோ பாருங்கள், அதுதான் கோயமுத்தூருக்கு மேற்குச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடி, கேரளா. ஜூன் மாதம் கடலிலிருந்து வருகிற மேகம் மழையையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு, நம் பக்கம் வெறும் காற்றையும் கொஞ்சம் தூறலையும் அனுப்பும். கேரளா குளிக்கும், நாம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்போம். பிள்ளைகள் சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பேன். அந்தப் பக்கம் விழுந்த தண்ணீரும் பவானியில் சேர்ந்து, மலையைச் சுற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் வழியாக நம்மிடமே வந்துவிடும். சுற்று வழியில் வருகிற மாமன் மாதிரி நேரமாகும், ஆனால் வெறுங்கையோடு வராது. நம் பக்கம் பிறப்பது கௌசிகா நதி. மழை பெய்த வருஷத்தில் மட்டும் அது நதி, மற்ற வருஷங்களில் மாடு மேய்கிற பள்ளம்.

சரித்திரத்தையும் விடமாட்டேன். மலையில் முதலில் இருந்தவர்கள் இருளர்கள், அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே வீடு. பிறகு பொதிமாடுகள் ஏறி இறங்கின. பிறகு நம் பக்கத்துக் குடும்பங்கள் சில அட்டப்பாடிக்குப் போய், காடு திருத்தி ராகியும் துவரையும் விதைத்து அங்கேயே தங்கிவிட்டன. இவற்றில் எனக்கு உயிரான கதை அளவைக்காரர்கள் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் நாட்டை அளந்தவர்கள் ஒரு மலை உச்சியில் ஏறி நின்று, எதிர்ப்பக்கத்து உச்சியில் நிற்பவனுக்குக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுவார்களாம். எத்தனையோ மைலுக்கு அப்பால் அந்த மினுக்கல் தெரிந்ததும் கோணத்தைக் குறித்துக்கொள்வார்களாம். நம் குருடிமலை மேலும் அவர்கள் நின்றிருக்கிறார்கள் என்பது என் கட்சி. அத்தாட்சியாக உச்சிப் பாறையில் ஒரு குழி இருக்கிறது. அண்ணன் அதைக் கொடிக்கம்பம் நட்ட குழி என்பான். லேத் ஓட்டுகிறவன், எந்தக் குழியைப் பார்த்தாலும் அதில் ஒரு கம்பியைச் செருகத்தான் தோன்றும்.

டீச்சரான மறு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு துடியலூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கிரைண்டர் செய்கிற ஷெட். அவருடைய அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் மகனும்தான். ஜாதகம் பொருந்தி, ஒரு வியாழக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசவில்லை. காபி டம்ளரை வாங்கும்போது என் முகத்தை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். "புள்ள வெயில்ல திரியறவளாட்ட இருக்குதுங்க" என்றார்.

அம்மா பதறிப்போனாள். "இஸ்கூலுக்குப் போய்ட்டு வாரதுனாலங்க."

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "இஸ்கூலுக்கா? மலைக்குங்க! உச்சிவரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்துபோட்டாளுங்க" என்று போட்டு உடைத்தான்.

அந்த அம்மா இன்னொரு முறை என்னைப் பார்த்தார். "அப்படீங்களா? கல்யாணத்துக்கு அப்பறம் மலைக்கெல்லாம் எதுக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் அது முடிந்த பேச்சு. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். 'ங்க' போட்டுச் சொன்னதை என்ன செய்வது?

பையனும் பெண்ணும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைப் பொடக்காலிக்கு அனுப்பினார்கள். நான் மூக்குக்கு மேல் கோபத்தோடு லேத் பட்டறை வாசலில் நின்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மலைங்களா?"

"அதேதானுங்க."

"மேல என்னங்க இருக்குது?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மலைக்குப் போனேன் என்றால், எதுக்கு என்பார்கள். யார்கூட என்பார்கள். கால் வலிக்கவில்லையா, யானை வரவில்லையா என்பார்கள். மேலே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டாரே, விடுவேனா? எல்லைக்கல்லைச் சொன்னேன். ஒரு கால் தமிழ்நாட்டிலும் ஒரு கால் கேரளாவிலும் வைத்து நிற்கிற சுகத்தைச் சொன்னேன். மேகம், பவானி, பொதிமாடு, அளவைக்காரன், பாறைக்குழி, கண்ணாடி, ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தார்.

"அப்படீன்னா, நீங்க மேல நின்னு கண்ணாடி காட்டுனா எங்க ஷெட்டுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம? நல்லாத் தெரியுங்க. நீங்களும் வந்து பாக்கலாம்."

"நானுங்களா?" அவர் ஒரு அடி பின்னால் போனார். "ஏணியில நாலு படி ஏறுனா எனக்குக் கண்ணு இருட்டிக்குமுங்க. கேட்டுக்கறதோட செரி."

இப்படி ஒரு ஆண்பிள்ளை, இதை ஒரு பெண்ணிடம் முதல் நாளே சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். ஏணியில் ஏறாமலே எனக்குக் கண்ணைக் கட்டியது. ஆளைப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். அங்கேதான் வினையும் பிடித்தது. பிடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகச் சொன்னேன். "எனக்கு வேலையும் வேணுங்க, மலையும் வேணுங்க. உங்கம்மா மலை வேண்டான்னு சொல்லிப்போட்டாங்க. மலை இல்லீன்னா நான் வரமாட்டனுங்க."

அவர் யோசித்தார். திங்கட்கிழமை காலையில் தரகர் வந்துவிடுவார், அதற்குள் எங்கள் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டிலும் போன் இருந்தது. ஆனால் போன் கூடத்தில் இருந்தது, கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணும் பையனும் பேசினால் அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரியும். வழியைக் கண்டுபிடித்தது அவர்தான்.

"நீங்க ஞாயித்துக்கெழம மேல போக முடியுங்களா? நான் அம்மாகிட்டப் பேசறனுங்க. அம்மா செரீன்னா, நீங்க காட்டுனதும் எங்க தண்ணி டேங்க்மேல இருந்து மூணு தடவை கண்ணாடி காட்டறேன்."

"சம்மதிக்கலீன்னா?"

"காட்டமாட்டனுங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்கல்ல" என்றார்.

பாவி, அதைச் சொன்னதும் இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

எங்கள் பக்கம் ஒறம்பரை வருவது பெரிதில்லை, போவதுதான் பெரிய காரியம். உறவும் விருந்துமாக வந்தவர்களை அப்படி லேசில் அனுப்பிவிட முடியாது. கூடத்தில் ஒரு 'வாரனுங்க', நடையில் ஒரு 'வாரனுங்க', கேட்டைத் திறக்கும்போது விட்டுப்போன ஊர்ப்பேச்சு, வேனில் ஏறியபின் ஜன்னல் வழியாக இன்னொன்று. வேன் தெருமுக்குத் திரும்பும்வரை வீட்டார் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். கண்ணுக்கு மறைவதற்குள் உள்ளே போனால், எப்போது தொலைவார்கள் என்று காத்திருந்ததாக ஆகிவிடும். நாங்கள் நின்றோம். மாப்பிள்ளையின் அம்மாவும் முக்குத் திரும்பும்வரை தலையை வெளியே நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு போனார். மரியாதையில் குறையே இல்லை, மலைதான் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன் என்றதும் அப்பா மறுக்கவில்லை. "கடைசியா ஒருதரம் போய்ட்டு வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். கடைசியாக என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அண்ணனைத் துணைக்கு அனுப்பினார்கள். அவனுக்கு விஷயம் தெரியாது. பைக்குள் நான் குளியலறைக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி வைப்பதை மட்டும் பார்த்துவிட்டான்.

"கண்ணாடி எதுக்கு புள்ள? யானைக்குப் பொட்டு வெக்கறதுக்கா?"

"உன்ற மூஞ்சிய நீயே பாத்துக்கறதுக்கு."

காலையில் பாலமலை வரைக்கும் ஜீப்பில் போனோம். ஜீப்பில் ஆட்களோடு ஒரு வாழைத்தாரும் இரண்டு கோழிகளும் வந்தன. கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வழித்துணைக்கு மலைக்கிராமத்து இருளர் அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். அவர் முன்னால் போவார், அவ்வப்போது நின்று மூக்கை உறிஞ்சுவார். யானை வாடை இல்லையென்றால் கையைக் காட்டுவார். அண்ணனும் நின்று நின்று மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு வந்தது எங்கள் புளிசாத வாடை மட்டும்தான்.

சோலைக்காடு முடிந்து புல்மேடு வந்ததும் காற்று ஆளைத் தள்ளியது. தாவணி வயதுப் பெண்ணாட்டம் நான் ஓடினேன். "மெல்லப் போ, கல்யாணமாகப் போற புள்ள!" என்று அண்ணன் கத்தினான். கல்யாணமாகுமா ஆகாதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஓடுகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணன் எல்லைக்கல்லின் குறுக்கே மல்லாந்து படுத்து, தலை தமிழ்நாட்டில், கால் கேரளாவில், வயிறு யாருக்குச் சொந்தம் என்று கேட்டான். அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பசிக்கறவங்களுக்கு" என்றார்.

கிழக்கே மொத்த ஊரும் விரிந்து கிடந்தது. நேர் கீழே பெரியநாயக்கன்பாளையம், அதை ஒட்டி மேட்டுப்பாளையம் ரோடும் ரயில் தண்டவாளமும். வலது பக்கம் போனால் துடியலூர். அதற்கும் அப்பால் புகை மூட்டமாகக் கோயமுத்தூர். துடியலூரில் ஒரு மில் புகைபோக்கி, அதற்கு இடது பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் வெள்ளை அடித்த ஒரு தண்ணீர் டேங்க் என்று அவர் அடையாளம் சொல்லியிருந்தார். புகைபோக்கி தெரிந்தது. டேங்க் ஒரு அரிசி அளவுக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பாறைக்குழிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியை எடுத்தேன். இடது கையில் இரண்டு விரலை விரித்து நீட்டி, விரல்களுக்கு நடுவே புகைபோக்கியை வைத்து, கண்ணாடி வெளிச்சத்தை விரல்மேல் விழ வைத்தால் அது குறிக்குப் போகும். பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பள்ளியில் இந்தக் காற்று இல்லை. இங்கே கண்ணாடி மாலைபோட்டவன்மேல் சாமி வந்ததுபோல் ஆடியது. வெளிச்சம் துடியலூருக்குப் போய், பக்கத்து ஊருக்குப் போய், ரோட்டோடு ஓடி, பெரியநாயக்கன்பாளையம்வரை பெருக்கிவிட்டு வந்திருக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி காட்டினேன்.

அப்போது மினுக்கியது ஒன்று. ஆனால் துடியலூரில் இல்லை, நேர் கீழே எங்கள் ஊரில். யாருடையதோ என்று விட்டேன். அடுத்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு ரோட்டோரத்தில் இரண்டு. பிறகு தோட்டத்து வீட்டுக் கூரைகளில், மொட்டை மாடிகளில், சூளை மேட்டில் என்று பத்து, இருபது. மினுக், மினுக், மினுக். சோற்று வட்டில், கண்ணாடி, பாத்திரக்கடைச் சருவச்சட்டி, பைக் கண்ணாடி, எது கிடைத்ததோ அதைத் தூக்கிக்கொண்டு ஊர் வெயிலில் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜனத்தைப் பற்றி நானே மறந்துபோனேன். இங்கே ஒருத்தர் கூப்பிட்டால் ஏனுங்க என்று கேட்காமல் இருப்பது பாவம். யார் கூப்பிட்டார், எதற்குக் கூப்பிட்டார் என்பதெல்லாம் பிறகு. மலைமேலிருந்து எவரோ வெளிச்சம் காட்டுகிறார், அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனால் அது என்ன மனுஷத்தனம்? பதில் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். மொத்த மேட்டுப்பாளையம் ரோடும் சொன்னது.

அண்ணன் குதித்தான். "ஏம்புள்ள, ஊரே கண்ணடிக்குது பாரு!" கண்ணாடியைப் பிடுங்கி, மேற்கே திரும்பி, அட்டப்பாடிப் பக்கம் காட்டினான். கீழே எங்கேயோ ஒரு தோட்டத்திலிருந்து அங்கேயும் ஒரு வெளிச்சம் எழுந்தது. "கேரளாவும் பேசுது! அக்கட்டயும் நம்மாளுக இருக்காங்க புள்ள!" என்று கூவினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. ஏனென்றால் இப்போது துடியலூரிலும் ஆறேழு மினுக்கல்கள். புகைபோக்கிக்கு வலது பக்கம், இடது பக்கம், முன்னால், பின்னால். மூன்று தடவை மினுக்குகிறவர், ஐந்து தடவை மினுக்குகிறவர், விடாமல் மினுக்குகிறவர். இதில் எது அவர்? இதில் அவர் இருக்கிறாரா?

பாறையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பயந்துபோனான். விஷயத்தை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துக் கன்னத்தைச் சொறிந்தான்.

"ஏம்புள்ள, ஒருத்தங்கிட்டக் கேக்க வேண்டியத ஊருக்கே கேட்டா, ஊரு பதில் சொல்லாதா? இப்பக் கோயமுத்தூர் ஜில்லாவுக்கே சம்மதம். மாப்பளைக்குச் சம்மதமான்னுதான் தெரியல."

அவனை அடிக்கக் கல் தேடினேன். அவன் புளிசாதப் பொட்டலத்தை நீட்டினான். சாப்பிட்டேன். அழுகைக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் அடங்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கிற நேரம். வட்டில்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கள் ஊர் அணைந்தது, தண்டவாளம் அணைந்தது, சூளைமேடு அணைந்தது. துடியலூரில் மட்டும் ஒன்று மிச்சமிருந்தது. புகைபோக்கிக்கு இடது பக்கம். மூன்று தடவை என்ற கணக்கெல்லாம் அதற்கு இல்லை. நடுங்கிக்கொண்டே ஒளிர்ந்தது.

"அது ஏதாவது தகரமா இருக்கும்" என்றான் அண்ணன். "ஷெட் கூரை வெயிலுக்கு மினுங்குது. ஆசைய வளத்துக்காத."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சூரியன் நகர்ந்தது. உச்சியைத் தாண்டி எங்கள் பக்கம் சாயத் தொடங்கியது. அந்த வெளிச்சம் போகவில்லை. அப்போது என்னுள் இருந்த பூகோள டீச்சர் துள்ளி எழுந்தாள். தகரம் ஒரே இடத்தில் கிடக்கும், சூரியன் நகர்ந்தால் அதன் மினுக்கல் வேறெங்கோ போய்விடும். சூரியன் நகர நகர நம்மை விடாமல் ஒரு வெளிச்சம் வருகிறதென்றால், அதைத் திருப்பிக்கொண்டே இருக்கிற ஒரு கை அங்கே இருக்கிறது. யார் கை? ஏன் மூன்றோடு நிறுத்தவில்லை? சம்மதமா, இல்லை தவிப்பா? அது தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஒரு கை எனக்காக வெயிலில் நிற்கிறது, அது போதும் என்று தோன்றியது.

யானை தண்ணிக்கு இறங்கும் நேரமாகிறது என்று அக்கா அவசரப்படுத்தினார். இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தேன். புல்மேட்டின் கடைசி வளைவுவரை அந்த வெளிச்சம் இருந்தது. அப்புறம் காடு மறைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மொட்டை மாடியிலிருந்து இறங்கிவந்தார். கையில் என் கல்யாணச் சீருக்கென்று எடுத்துவைத்த புது எவர்சில்வர் தாம்பாளம்.

"மலையில யாரோ வெளிச்சம் காட்டுனாங்க கண்ணு, நீயாட்ட இருக்குமோன்னு நானும் பதிலுக்குக் காட்டுனேன்" என்றார் வெட்கத்தோடு.

"நான்தானுங்க அப்பா." மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்ததையும் சொன்னேன். "துடியலூருக்குச் செரீன்னு சொல்லீருங்க."

அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நிச்சயம் தெரியாமல் சொல்கிறாயே என்று அவன் பார்வை கேட்டது. நிச்சயம் தெரிந்து யார்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்? அன்று ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்ப் பொடக்காலிக் கதவைத் திறந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்மதம் சொன்னது நான், மலையைப் பற்றி அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரமே உறுதி செய்ய வந்தார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா. அவரைப் பார்த்ததும் எங்கள் அம்மா, "ஏனுங்க, உடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாவின் முகம் கருத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. வெயிலில் திரிந்தவர் மாதிரி இருந்தார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பூ வைத்து, தட்டு மாற்றி, எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடிப் பொடக்காலிக்கு வந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மலையைப் பார்த்தார்.

"இங்கிருந்து பாத்தா வெகு கிட்டக்க இருக்குது கண்ணு."

நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மலையைப் பற்றி இந்த அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று இருந்தது.

"என்ற பையன் வெசயத்தச் சொன்னான். நான் செரீன்னும் சொல்லல, வேண்டான்னும் சொல்லல. ஞாயித்துக்கெழம பொழுது ஏறுன பொறகு கண்ணாடியத் தூக்கிட்டு ஏணிகிட்டப் போனான். நாலு படி. அங்கயே கண்ண மூடிக்கிட்டு ஏணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். மேலயும் போகல, கீழயும் வரல. நான் செரீன்னு சொல்லாமயே, எப்படியாவது நான் மனசு மாறீருவேன்னு நம்பிப் போயிருக்கறான் பாரு, கிறுக்கன். அப்பறம் பாத்தா மலையில வெளிச்சம். அத்தாந்தூரத்துல, அந்த வெயில்ல, ஒரு புள்ள நின்னு கூப்புடுது. ஏன்னு கேக்காம இருக்க முடியுமா சாமி? பையன எறக்கி உட்டுப்போட்டு, செரீன்னு காட்ட நானே ஏறிட்டேன்."

நான் அவர் கையைப் பார்த்தேன். அந்தக் கை இந்தக் கை.

"அத்தைங்க..." முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டேன். "மூணு தடவை காட்டுனாப் போதுமுங்களே. நான் எறங்கற வரைக்கும் காட்டிட்டே இருந்தீங்க."

"நீ எறங்குனது எனக்கெப்படித் தெரியும்?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். "ஒறம்பரை போனா முக்குத் திரும்பற மட்டும் வாசல்ல நிக்கோணுமல்ல? இங்கிருந்து பாத்தா நீ நிக்கறயா, திரும்பிட்டயா ஒண்ணும் தெரியல. பாதியில நான் கைய எறக்கிப்போட்டு, நீ அங்கிருந்து பாத்துட்டு இருந்தீன்னா, மனசு நோகாதா? அதான் நின்னேன்."

"எப்பங்க எறங்குனீங்க?"

அத்தை மலையைப் பார்த்துக் கையை நீட்டினார். தோள்வலி இன்னும் போகவில்லை போலிருக்கிறது, கை பாதிக்கு மேல் எழவில்லை.

"பொழுது உன்ற மலையத் தாண்டிக் கேரளாவுக்குப் போனதுக்கு அப்பறம் கண்ணு. திருப்பிக் காட்டறதுக்கு வெயில் இல்லியே."